பெரிய வெள்ளியில் ஒரு கவ்போய்ப் பாட்டு

ஸ்காபரோவில் நடக்கிற தமிழ்க் கல்யாணங்களில் பாதிக்கு என் அத்தான் இக்னேசியஸின் கோஷ்டிதான் பாட்டு. மற்றப் பாதிக்காரரோடு அவர் கதைப்பதில்லை.

கோஷ்டி என்றாலும் குடும்பம் என்றாலும் எங்களுக்கு ஒன்றுதான். அத்தான் கீபோட். அக்கா வேரோனிக்கா பாட்டு. மூத்தவன் றூபன் றம்ஸ். இளையவள் செரீனா கிற்றார், பாட்டு இரண்டும். நான் அக்காவின் தம்பி சூசைதாசன். எனக்கு வான் ஓட்டமும் ஸ்பீக்கரும். கிழமை நாட்களில் வீடுகளுக்குக் கொங்கிறீற் அத்திவாரம் போடுகிற வேலை, சனி ஞாயிறுகளில் ஸ்பீக்கர் தூக்குகிற வேலை. இரண்டுக்கும் இருந்தது இந்த ஒரு சோடித் தோள்தான். மேடையில் பாரத்தை வைத்துவிட்டு இறங்கினால் பிறகு கழற்றத்தான் ஏறுவேன்.

அத்தானின் தகப்பன் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். "எங்கடை வீட்டிலை பிள்ளையள் பாலுக்கு அழுகிறதும் சுருதியோடைதான்" என்று அத்தான் மைக்கில் சொல்லுவார். சனம் சிரிக்கும். அக்கா மட்டும், "பாலைக் குடுத்தவளிட்டைக் கேளுங்கோ, சுருதியோ எண்டு" என்பாள், மைக்கை விட்டுத் தள்ளி நின்று.

செரீனா பாடப் பழகியது கல்யாண மண்டபங்களில். அங்கே ஒருவரும் பாட்டைக் கேட்பதில்லை. பாதிப் பாட்டில் சாப்பாடு திறந்துவிட்டார்கள் என்றால் சபை அப்படியே எழும்பிப் போய்விடும். மீதிப் பாதியில் யாராவது மைக்கைப் பறித்து, வாசலை மறித்து நிற்கிற கறுப்பு ஹொண்டாவை எடுக்கச் சொல்லுவார்கள். சின்னப் பிள்ளையில் அவள் இதற்கு அழுதிருக்கிறாள். பிறகு ஒரு வித்தை கண்டுபிடித்தாள். சத்தம் கூடக் கூட அவள் தன் குரலைக் குறைப்பாள். கறிக் கோப்பையோடு நடந்து போகிறவன் நின்று, யார் பாடுகிறது என்று திரும்பிப் பார்ப்பான். அப்போது பிடிப்பாள் ஆளை.

கன்ட்ரி பாட்டு அவளுக்கு என் வானில் தொற்றிய வருத்தம். நான் அந்த வானை வாங்கும்போதே றேடியோ ஒரே ஸ்ரேஷனில் இறுகிப்போயிருந்தது. மண்டபத்துக்குப் போகும்போதும் வரும்போதும் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் குந்தியிருந்து அதைத்தான் கேட்பாள். கன்ட்ரி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தொப்பி, கிற்றார், பழைய ட்ரக், ஒரு நாய், விட்டிட்டுப் போன பெண்சாதி. இந்த ஐந்தையும் வைத்து ஆயிரம் பாட்டு.

"மாமா, they're just like us," என்றாள் ஒருநாள். "எல்லாரும் எதையோ விட்டிட்டு வந்து, ட்ரக்குக்குள்ள இருந்து அழுகினம்."

"எங்களிட்டை நாய் இல்லையே, பிள்ளை."

"அதை நான் சமாளிக்கிறன்."

அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. "உது மாட்டுக்காரன்ர பாட்டு. ஒரு வருசம் தாங்காது" என்றார். அவள் விடவில்லை. சின்ன ஊர்களின் பார்களில், யாரும் வந்து பாடலாம் என்று மைக்கைத் திறந்துவிடும் நாட்களைத் தேடிப் பாடத் தொடங்கினாள். அத்தான் பாருக்குள் கால் வைக்கமாட்டார். ஆகவே நான்தான் ஓட்டினேன். கொங்கிறீற் காய்ந்த சப்பாத்தோடு ஒரு மூலையில் கோப்பியுடன் இருப்பேன்.

முதன்முதலாகப் போன இடத்தில், வாசலில் நின்றவன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, சாப்பாடு கொண்டு வந்தவர்கள் என்று நினைத்துப் பின்கதவைக் காட்டினான். செரீனா பின்கதவாலேயே போனாள். குசினியைக் கடந்து, நேரே மேடையில் ஏறினாள். அவள் பாடி முடித்து இறங்கியபோது அதே ஆள் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்த முறை எப்ப வருவாய் என்று கேட்டான். எனக்குத் தோள்வலி அன்றைக்குத் தெரியவில்லை.

அப்படி இரண்டு மூன்று வருசம். பார், பிறகு ஊர்ச் சந்தை, பிறகு கோடைகால விழாக்களில் மத்தியானத்து வெயில் மேடை. றூபனும் சேர்ந்து றம்ஸ் அடிக்கப் போனான். தொப்பி போட்ட ஸ்காபரோப் பிள்ளை என்று அவளுக்கு ஒரு பெயர் வந்தது. எங்கள் கல்யாண மண்டபங்களிலும் சனம், "பிள்ளை, அந்தக் குதிரைப் பாட்டொண்டை எடுத்துவிடு பாப்பம்" என்று கேட்கத் தொடங்கியது.

போன ஐப்பசியில் செய்தி வந்தது. நாடு முழுவதும் நடக்கிற ஒரு கன்ட்ரி பாட்டுப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு எடுபட்டவர்களில் செரீனாவும் ஒருத்தி. இறுதிச் சுற்று ரொறன்ரோ நகர மையத்தில், ஒரு பழைய தியேட்டரில். வென்றவருக்கு ஒரு அல்பம். கோடையில் மேற்குப் பக்கத்து மாகாணங்கள் எல்லாம் சுற்றி வர மேடைகள். ஏப்ரல் மூன்றாம் திகதி வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவள் உடனேயே ஓம் என்று எழுதிவிட்டாள்.

அதற்காக அவள் புதிதாகக் கட்டிய பாட்டு அக்காவைப் பற்றியது. அக்காவுக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பிளேனுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. விடிய முன்னம் ஓடுகிற முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. பனியில் சறுக்கிச் சறுக்கி அவள் ஓடுவதை யன்னலால் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதை இங்கிலீசில் பாட்டாக எழுதினாள். ஒவ்வொரு அடி முடிவிலும் ஒரு வரி திரும்பித் திரும்பி வரும். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: டிறைவர், கதவைச் சாத்தாதே, என் அம்மா ஓடி வருகிறாள்.

அத்தான் அதைக் கேட்டுவிட்டு, பிழை பிடிக்கிற சாட்டில் கீபோட்டில் இருந்தார். "உந்த இடம் வெறுமையாக் கிடக்குது" என்று ஒரு சுரத்தைப் போட்டார். பிறகு இன்னொன்று. சாப்பாடு ஆறிப்போனது. இரண்டாம் நாள், "பைனலுக்கு ஆர் கீபோட்?" என்று கேட்டார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"நீங்கள்தான் அப்பா."

"நான் கேக்கேல்லை. நீ கேட்டபடியாலை வாறன்."

அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு கவ்போய்த் தொப்பி வாங்கிக்கொண்டு வந்தார். பிளாசாவில் மீன் வாங்கப் போனவர். மீன் வரவில்லை.

சாம்பல் புதன் வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசி வந்தவுடன் அத்தான் கீபோட்டையும் றம்ஸையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார். தவக்காலத்தில் கோஷ்டி ஒரு கல்யாணமும் எடுக்காது. வீட்டுக்குள் பழகலாம், அவ்வளவுதான். யேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியன்று அதுவும் இல்லை. அன்றைக்கு யாரும் ஒரு வாத்தியத்திலும் கை வைப்பதில்லை. இது கோயில் சட்டம் மட்டும் இல்லை, வீட்டு நேர்த்திக்கடன். சண்டைக் காலத்தில் ஒரு பெரிய வெள்ளியன்று ஷெல் விழுந்து அத்தானின் வீடு எரிந்தது. மத்தளம், ஆர்மோனியம், சல்லாரி எல்லாம் சாம்பல். கோயிலில் இருந்தபடியால் ஆட்கள் எல்லாரும் தப்பினார்கள். அண்ணாவியார் அங்கேயே முழங்காலில் நின்று, என் சந்ததியில் ஒருவரும் இந்த நாளில் வாத்தியம் தொடமாட்டார்கள் என்று நேர்ந்துகொண்டார். அத்தான் அன்று முதல் அதை மீறியதில்லை.

துணியை விரித்துக்கொண்டே அத்தான் கேட்டார், "பைனல் எத்தினையாம் திகதி எண்டனி?"

"April third, அப்பா."

அக்கா சுவரில் தொங்கிய கோயில் கலண்டரின் தாளைப் புரட்டினாள். புரட்டியவள் சிலுவை அடையாளம் போட்டாள்.

"பெரிய வெள்ளி," என்றாள்.

உயிர்த்த ஞாயிறும் அதற்கு முந்திய பெரிய வெள்ளியும் வருசத்துக்கு வருசம் இடம் மாறும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஐப்பசி மாதச் சந்தோசத்தில் அதைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. திகதியைக் குறித்த போட்டிக்காரரிலும் பிழை இல்லை. அவர்களுக்கு அது லீவு நாள். சனம் வரும்.

அத்தான் தலையில் அப்போதும் தொப்பி இருந்தது. பத்து நாளாக வீட்டுக்குள் அதோடுதான் திரிந்தார். அதைக் கழற்றிக் கீபோட்டின் மேல் வைத்தார். தொப்பியையும் சேர்த்துத் துணியால் மூடினார்.

"அப்பா, please. ஒரு நாள்."

"அந்த ஒரு நாளைத் தவிர எல்லா நாளும் உன்ர நாள்தானே, பிள்ளை."

"நான் தனியப் போனால்?"

அத்தான் சத்தம் போடுகிற மனிதர். அன்றைக்குச் சத்தம் போடவில்லை. "போ. மறிக்கமாட்டன். உனக்கு வயது வந்திட்டுது. ஆனா அண்டைக்கு நீ கம்பியிலை கை வைச்சால், அதுக்குப் பிறகு நானும் நீயும் ஒரு மேடையிலை நிக்கிறேல்லை. எனக்குக் கோவம் எண்டு நினையாதை. நேந்துகொண்ட என்ர அப்புவுக்கு நான் பதில் சொல்லவேணும்."

செரீனா போட்டிக்காரருக்குப் போன் எடுத்தாள். நாளை மாற்ற முடியாது என்றார்கள், மரியாதையாகத்தான். வராவிட்டால் அடுத்து நிற்கிறவருக்கு இடம் போகும். பங்குச் சுவாமியிடம் போனாள். "நேர்த்தியை நான் விடுவிக்கலாம், ஆனா அதைச் சுமக்கிறவர் வந்து கேக்கவேணும்" என்றார் அவர். அத்தான் கேட்கப் போகவில்லை.

தவக்காலத்து வெள்ளிகளில் கோயில் மண்டபத்தில் வியாகுல ஒப்பாரி பழகுவோம். மாதா, சிலுவையில் கிடக்கிற மகனைப் பார்த்து அழுகிற பாட்டு. அண்ணாவியார் வழியில் அத்தான்தான் முன்பாட்டு. அவர் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, சனம் முழுக்க அதை வாங்கி இழுத்துப் பாடும். ஒரு வாத்தியமும் இல்லை. நானும் பின்னால் நின்று தொண்டை கிழியப் பாடுவேன். அதுக்கு யாரும் தகுதி பார்ப்பதில்லை.

ஒரு வெள்ளி அப்படிப் பழகிவிட்டு வரும்போது செரீனா வானில் என் பக்கத்தில் இருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"மாமா, நீங்கள் எண்டால் என்ன செய்வியள்?"

"எனக்கு என்ன தெரியும், பிள்ளை? நான் ஸ்பீக்கர் தூக்கிற ஆள்."

"ஸ்பீக்கர் இல்லாமல் இண்டைக்கு எவ்வளவு சத்தம் வந்தது, பாத்தனீங்களோ? கதிரை எல்லாம் அதிர்ந்தது." சொல்லிவிட்டுத் தன் தொடையில் அடித்தாள். "ஐயோ மாமா, நான் ஒரு idiot!" என்றாள். ஏன் என்று நான் கேட்டேன். வீடு வரும்வரை தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

குருத்தோலை ஞாயிறு. கோயிலால் வந்து எல்லாரும் குசினி மேசையில் இருந்தோம். அத்தான் குருத்தோலையைக் கிழித்துச் சிலுவை பின்னிக்கொண்டிருந்தார். செரீனா அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, ஒரு கேள்வி. பெரிய வெள்ளியிலை கம்பி தொடப்படாது."

"தொடப்படாது."

"தோல் தொடப்படாது. கட்டை தொடப்படாது."

"ஒண்டும் தொடப்படாது. என்ன, உபதேச வகுப்பே நடக்குது?"

"வாய் திறக்கலாமோ?"

அத்தானின் கை நின்றது. "துக்கத்துக்குத் திறக்கலாம். நாள் முழுக்கத் திறக்கிறம்தானே."

"அப்ப இது துக்கமோ இல்லையோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதே பாட்டைப் பாடினாள். கிற்றார் இல்லாமல், தாளத்தை விட்டு, ஒப்பாரிக்கு இழுக்கிற மாதிரி இழுத்து. முன்பு அந்தப் பாட்டில் பஸ் ஓடும், பனி தெறிக்கும், கேட்டால் காலாட்டத் தோன்றும். இப்போது பஸ் இல்லை. கையைக் காட்டிக்கொண்டு ஓடி வருகிற ஒரு பெண் மட்டும்தான் இருந்தாள். அக்கா சோற்றுப் பானைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், திரும்பவே இல்லை.

பாட்டு முடிந்தது. அத்தான் குருத்தோலையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பின்னல் சரியா என்று பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"இரண்டாம் அடியிலை மூச்சு விடுறாய். அங்கை விடாதை. 'அம்மா'வைத் தாண்டி விடு."

"ஓம் அப்பா."

"பின்னுக்கு ஆர்?"

"பின்னுக்கு ஆக்கள் இல்லை. தனியத்தான்."

அத்தானுக்கு ரத்தம் சூடேறியது. "தனிய நிண்டு ஒப்பாரி பாடினால் சனம் பைத்தியம் எண்டெல்லோ நினைக்கும்! அந்த டிறைவர் வரியை வாங்கிப் பாட ஆக்கள் வேண்டாமோ? ஆர் உனக்குப் பாட்டுப் பழக்கினது? நான்தானே! என்ர மானத்தை வாங்கவோ போறாய்?" என்று எழும்பினார். "எடி வேரோனிக்கா, நீ மேல்குரல். றூபன், நீ என்னோடை. மச்சான், நீ கீழ்க்குரல்."

"நானோ? அத்தான், நான் எப்ப…"

"கோயில்லை ஒவ்வொரு வெள்ளியும் எருமை மாதிரிக் கத்துறாய். எனக்கு அந்தச் சத்தம்தான் வேணும்."

அக்கா அப்போதுதான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "நல்லாயிருக்கு. பஸ்ஸுக்கு ஓடுறதும் நான், பின்னுக்கு நிண்டு டிறைவரைக் கூப்பிடுறதும் நானோ?"

"நிசமா ஓடேக்கை நீ கூப்பிடுறேல்லையே?" என்றார் அத்தான்.

"அப்ப கூப்பிடுறது தூசணத்திலை," என்றாள் அக்கா.

அந்தக் கிழமை முழுக்கப் பழகினோம். நான் எழுத்துக் கூட்டப் பழகினதே பிந்தித்தான். இங்கிலீஸ் எழுத்து இன்னும் தட்டுத் தடுமாற்றம். றூபன் எனக்கு வரியைக் காதில் சொல்லித் தந்தான். வேலையில் பலகை அடிக்கும்போதும் டிறைவரைக் கூப்பிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள், இவனுக்கு யார் கதவைச் சாத்தினது என்று கேட்டார்கள்.

பெரிய வெள்ளியன்று மூன்று மணிச் சடங்குக்குக் கோயிலுக்குப் போனோம். அத்தான் முன்பாட்டுப் பாடினார். சிலுவையை முத்தமிட்டுவிட்டு, உடுப்பு மாற்றாமல் வானில் ஏறினோம். அக்கா கறுப்புச் சேலை. அத்தான் வெள்ளைச் சேட்டு, கறுப்புக் களிசான். எல்லாரும் உபவாசம். செரீனா கறுப்புச் சட்டைக்குக் கீழே தன் கவ்போய்ச் சப்பாத்தைப் போட்டிருந்தாள். அத்தான் அதைப் பார்த்தார்.

"சப்பாத்து வாத்தியம் இல்லையே, அப்பா."

"நடக்கலாம். காலாலை தாளம் போடப்படாது. றூபன், உனக்கும்தான் சொல்லுறன்."

றூபன் கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டான். அவனுக்கு விரலை ஆட்டாமல் இருப்பது சோறு இல்லாமல் இருப்பதைவிடக் கஷ்டம்.

தியேட்டரின் பின்வாசலால் நான் வெறுங்கையோடு உள்ளே போனேன். இத்தனை வருசத்தில் முதல் தரம். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் களிசான் பொக்கற்றுக்குள் போட்டேன். உள்ளே எங்கு பார்த்தாலும் தொப்பிதான். பிடில், பான்ஜோ, கம்பி பூட்டிய ஏதோ ஒரு மேசை, பெட்டி பெட்டியாய்ச் சாமான். தாடிக்காரச் சவுண்ட் பொடியன் ஒருவன் வந்து, உங்கள் சாமான் எங்கே, எத்தனை வயர் வேண்டும் என்று கேட்டான்.

"ஒரு மைக்," என்றாள் செரீனா.

அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "உங்கள் பான்ட்?"

"Our band's dead," என்றான் றூபன். "ஞாயிற்றுக்கிழமை உயிர்க்கும்."

அத்தான் அவன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு திரும்பி நின்று சிரித்ததை நான் பார்த்தேன்.

எங்களுக்கு முன்னால் பாடிய கோஷ்டி பெரிய கோஷ்டி. அவர்களின் றம்ஸ் என் பல்லுக்குள் அதிர்ந்தது. சனம் எழும்பி ஆடியது. அவர்கள் இறங்கியதும் பாதிச் சனம் பின்பக்கம் பாருக்குப் போய்விட்டது. மீதிச் சனம் கத்திக் கதைத்தது. அறிவிப்பாளர் செரீனாவின் பெயரைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். நாங்கள் ஐந்து பேரும் வெறும் மேடையில் போய் நின்றோம். சா வீட்டுக்கு வழி மாறி வந்தவர்கள் மாதிரி இருந்திருப்போம். முன்வரிசையில் ஒருவன் கையைக் காட்டிச் சிரித்தான்.

செரீனா மைக்குக்கு முன்னால் சும்மா நின்றாள். சத்தம் குறையக் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அந்தச் சத்தத்துக்குள் தான் நுழைகிற ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தொடங்கினாள். மேசையில் எதிரே இருக்கிறவருக்குச் சொல்கிற அளவுதான் குரல். சிரித்தவன் என்னவென்று கேட்கக் காதைத் தந்தான். அவனுக்குப் பின்னால் இருந்தவள் பக்கத்தில் இருந்தவனை உஸ் என்றாள். கல்யாண மண்டபத்துக் கறிக் கோப்பைக்காரர்களைப் பிடிக்கிற மாதிரி வரிசை வரிசையாய்ப் பிடித்துக்கொண்டு போனாள். முதல் அடி முடிய, பின்னால் பாரில் ஐஸ் விழுகிற சத்தம் மேடைக்குக் கேட்டது.

டிறைவர், கதவைச் சாத்தாதே.

அத்தான் அந்த வரியை வாங்கினார். கோயிலில் வாங்குவது போலவே வாங்கினார். கடைசிச் சொல்லை இழுத்து, சறுக்கி, கீழே கொண்டுவந்து விட்டார். அதற்கு மேலே அக்காவின் குரல் ஏறியது. கீழே நான். நான் பாடுகிறேன் என்பது எனக்கு முதலில் தெரியவில்லை. நெஞ்சுக்கூடு அதிர்ந்தபோதுதான் தெரிந்தது. இரண்டாம் அடியில் செரீனா மூச்சு விடவில்லை. அம்மாவைத் தாண்டித்தான் விட்டாள். மூன்றாம் தரம் அந்த வரி வந்தபோது, எங்களுக்கு முன்னாலிருந்தும் யாரோ பாடினார்கள். பிறகு ஒரு வரிசை. பிறகு தியேட்டர். தொப்பி போட்ட அத்தனை பேரும் என் அக்காவுக்காக ஒரு பஸ்ஸை மறித்தார்கள். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தவர்களும் இருந்தார்கள். சவுண்ட் பொடியன் தன் மிஷினை விட்டுக் கையை எடுத்துவிட்டு நின்றான்.

கடைசி வரியை அவள் தனியப் பாடி நிறுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பிறகு கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். அக்கா பயந்து என் கையைப் பிடித்தாள்.

மற்றவர்கள் பாடி முடித்து, நடுவர்கள் கூடிக் கதைத்து, செரீனாவின் பெயரைச் சொன்னார்கள். இந்த முறை அறிவிப்பாளர் தடுமாறவில்லை. றூபன் கைகளை விடுவித்துக்கொண்டு குதித்தான். செரீனா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வென்றவர் அதே பாட்டை அங்கத்தைய பான்டோடு இன்னொரு தரம் பாட வேண்டும். ரீவிக்காரர் அதைத்தான் காட்டுவார்களாம். பான்ட்காரர் வந்து நின்றார்கள். அறிவிப்பாளர் ஒரு புத்தம் புதிய கிற்றாரைத் தூக்கிச் செரீனாவிடம் நீட்டினார். அதுவும் பரிசுதான். வெளிச்சத்தில் தேன் நிறமாய் மினுங்கியது. சனம் கைதட்டியது.

செரீனா அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். அத்தான் அந்தச் சனத்தைப் பார்த்தார், கிற்றாரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஒரு வாத்தியக்காரனுக்கு அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? "எடு, பிள்ளை," என்றார். "பழியை என்னிலை போட்டு எடு. கணக்கை நான் அங்கை தீர்க்கிறன்."

நான் அதைக் கேட்டேன். பக்கத்தில் நின்றபடியால் கேட்டேன்.

செரீனா தலையை ஆட்டினாள். அறிவிப்பாளரின் மைக்குக்குக் கிட்டப் போய் இங்கிலீசில் சொன்னாள்: "கிற்றாருக்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலமை இதை வடிவா வாசிப்பன். இண்டைக்கு நான் வந்த பான்டோடைதான் பாடுறன்."

ஒரு நிமிசம் சனத்துக்கு விளங்கவில்லை. பிறகு முன்னையதிலும் பெரிய சத்தம். அத்தான் சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சீறினார், "மச்சான், முன்னுக்கு வா. நீ பின்னுக்கு நிண்டால் ஆருக்குக் கேக்கும்?" நான் முன்னுக்குப் போனேன். இரண்டாம் தரம் முழுத் தியேட்டரும் முதல் வரியிலிருந்தே எங்களோடு பாடியது. பான்ட்காரரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாடினார்கள். கிற்றாரை அறிவிப்பாளரே பிள்ளையைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது வானில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். அத்தான் றூபனிடம் அவனுடைய போனை எடுக்கச் சொன்னார். "அடுத்த பத்து வருசத்துப் பெரிய வெள்ளியும் என்னென்ன திகதி எண்டு பாத்து எல்லாத்தையும் எழுதி வை. அந்த நாளுகளுக்குப் பிள்ளைக்கு ஒரு வேலையும் எடுக்கிறேல்லை."

ஒரு வருசம் தாங்காது என்று சொன்ன மனிதர் பத்து வருசத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தார்.

"அப்ப ஓகஸ்ட்டிலை உந்த மேற்குப் பக்கம் போறதுக்கு ஆர் ஆர்?" என்று அக்கா கேட்டாள்.

"எல்லாரும்தான், அம்மா," என்றாள் செரீனா. "அந்தப் பாட்டு இனி ஐஞ்சு பேரின்ர பாட்டு. Contract-இலயும் அப்பிடித்தான் போடச் சொல்லப்போறன்."

"அப்ப நான் இப்பவே லீவு சொல்லவேணும். சூப்பர்வைசர் முழிப்பாள்."

அல்பம் வைகாசியில் பதிந்தார்கள். அந்தப் பாட்டில் இன்றைக்கும் ஒரு வாத்தியமும் இல்லை. மற்றப் பாட்டெல்லாவற்றிலும் அத்தான் புகுந்து விளையாடியிருக்கிறார். தொப்பியோடு பதிந்தாராம்.

அந்தப் பெரிய வெள்ளி கழிந்த திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். தோள் பழையபடி வலித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வேலைக்குப் பொறுப்பான போமன் தன் ட்ரக்கின் பின்பலகையில் இருந்தபோது கிட்டப் போய், ஓகஸ்ட்டில் எனக்கு லீவு வேண்டும் என்றேன். இத்தனை வருசத்தில் நான் அவனிடம் லீவு கேட்டதில்லை. அவன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டான்.

இல்லை, கல்கரிக்குப் போகிறோம், ஒரு கன்ட்ரி பாட்டு விழா என்றேன்.

"ஓ, அது பெரிய விழாவாயிற்றே," என்றான் அவன். "யார் பாடுவது?"

"நாங்கள்தான்," என்றேன்.